சிணுங்க மறுத்த செடி

சூனியக்காரி மந்திரத்தைச் சொல்லி முடித்தாள். செடி கண்டுகொள்ளவே இல்லை.

மறுபடியும் சொன்னாள். இந்த முறை கண்ணை உருட்டி, இரண்டு கைகளையும் விரித்து, தொண்டையில் இருந்த கரகரப்பை எல்லாம் வழித்துப் போட்டுச் சொன்னாள். கொப்பரையிலிருந்து புகை கிளம்பியது. விளக்கு நீலத்துக்கு மாறியது. கேமரா பூனைபோல நகர்ந்து கிட்டே வந்தது. மேஜைமேல் மண்தொட்டியில் நின்ற தொட்டாற்சிணுங்கி மட்டும், பக்கத்து வீட்டுச் சண்டையை ஜன்னல் வழியாகப் பார்ப்பவரைப் போல, அத்தனை இலைகளையும் அகல விரித்துக்கொண்டு சாவகாசமாக நின்றது.

முதலாளி ‘கட்’ சொல்லவில்லை. நெற்றியில் அடித்துக்கொண்டார். ‘கட்’டுக்கு அதுதான் அர்த்தம் என்பது அரங்கில் இருந்த எல்லோருக்கும் இதற்குள் புரிந்திருந்தது.

அட்டைப் பாறைக்குப் பின்னால் நின்ற கொழுந்தனுக்குச் சிரிப்பு முட்டியது. பக்கத்தில் நின்ற அண்ணி அவன் காலை மிதித்தாள்.

இருவரும் துப்பறிபவர்கள். சரியாகச் சொன்னால், துப்பறிபவள் அண்ணி. அவள் கணவனின் தம்பியான இவன் கூடவே போய் வாயடிப்பவன். இன்ஷூரன்ஸ், செருப்புக் கடை, டிரைவிங் ஸ்கூல் என்று போன இடத்திலெல்லாம் வாயால் கெட்டவன், அந்த வாயை வைத்தே பிழைத்துப் போகட்டும் என்று அவள்தான் சேர்த்துக்கொண்டாள். வெளியாள் முன்னால் ‘மேடம்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று பேச்சு. அந்தப் பேச்சு முதல் வாடிக்கையாளரின் வாசற்படியிலேயே காற்றில் போய்விட்டது.

இங்கே வந்த விவகாரம் இது. முதலாளி ஒரு மாயாஜாலத் தொடர் எடுக்கிறார். இயக்குநரும் அவரே, பணம் போட்டவரும் அவரே. கதையில் சூனியக்காரி மறதிக் கஷாயம் காய்ச்ச வேண்டும். குடித்தவன் தன் பெயரையே மறந்துவிடுவான். அதற்கு மூலப்பொருள் என்ன வைக்கலாம் என்று யோசித்த கதாசிரியர், பனிமலை உச்சியில் பூக்கும் அபூர்வ மூலிகை எல்லாம் வேண்டாம், வேலியோரத்தில் காலில் மிதிபடும் களை ஒன்றே போதும் என்று தொட்டாற்சிணுங்கியைப் பிடித்துப் போட்டுவிட்டார். மந்திரம் சொன்னதும் செடி தலைவணங்க வேண்டும். வணங்கினால்தான் பறிக்கலாம். வணங்காத செடியைப் பறித்தால் கஷாயம் திரிந்துவிடும்.

எழுதிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். வணங்கவைக்க வேண்டியது இவர்கள் பாடு.

கிராஃபிக்ஸில் செய்தால் ஒரு பகல் வேலை. ஆனால் முதலாளி ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிவிட்டார்: ‘கம்ப்யூட்டர் தொடாத மாயம்’ என்று. எனவே எல்லாமே நிஜமாக நடந்தாக வேண்டும். மேஜையில் ஓட்டை போட்டு, ஒரு ரப்பர் குழாயைத் தொட்டிவரை கொண்டுவந்து, பாசியால் மூடி மறைத்திருந்தார்கள். மேஜைக்கு அடியில் உதவி இயக்குநர் மல்லாந்து படுத்துக்கொள்வார். மந்திரத்தின் கடைசி எழுத்தில் குழாயில் ஊதுவார். காற்றுப் பட்டதும் செடி சுருங்கும். அவ்வளவுதான் மாயம்.

தொடர் ஆரம்பித்த புதிதில் அப்படித்தான் சுருங்கியது. இப்போது ஊதினால் இலை ஆடுகிறது, ஆடி நின்றுவிடுகிறது.

“மருந்து தெளிச்சிருக்கா,” என்றார் முதலாளி, அண்ணியை ஓரமாக அழைத்துக்கொண்டு போய். “செடி கொண்டாந்து குடுத்தாளே, அந்த நர்சரிக்காரிதான். வேற யார் செஞ்சாலும் அசையாது. அவ விரல் பட்டா மட்டும் பொட்டிப் பாம்பா அடங்குது. என் கண்ணால பார்த்தேன். தன் கைக்கு மட்டும் கட்டுப்படற மாதிரி ஏதோ பண்ணிட்டு, என்னை அவ காலடியில கிடக்க வைக்கப் பார்க்கறா.”

சாயங்காலத்துக்குள் எப்படிச் செய்தாள் என்று மட்டும் கண்டுபிடித்துக் கொடுத்தால் போதும், நேரே போலீஸில் ஒப்படைத்துவிடுவேன், அப்புறம் எந்த ஸ்டூடியோ வாசலிலும் அவள் கால் வைக்க முடியாதபடி நானே போன் போட்டுச் சொல்வேன் என்றார். தன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். அவளுடைய வேன் சாவி உள்ளே இருந்தது.

கொழுந்தன் அண்ணியின் காதருகே குனிந்தான். “கண்டுபிடிக்கிற வேலையை அவரே முடிச்சுட்டாரு அண்ணி. நாம டீ குடிச்சுட்டுக் கிளம்பலாம்.”

நர்சரிக்காரி வாசல் கேட் அருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நகக் கண்ணில் மண். எதிரே வெயிலில் அவளுடைய வேன் நின்றது. உள்ளே வேறு இடங்களுக்குக் கொண்டுபோக வேண்டிய தொட்டிகள் வரிசையாக வாடிக்கொண்டிருந்தன. அவள் இவர்களைப் பார்க்கவில்லை, வேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி கேட்டதற்கெல்லாம் பட்டுப்பட்டென்று பதில் வந்தது. தெளித்தது தண்ணீர் மட்டும். சொந்தமாக வைத்து நடத்தும் நர்சரி. பிள்ளை இரண்டும் அந்த வருமானத்தில்தான் படிக்கின்றன. சினிமாக்காரர்கள் செடி வாங்குவதை நிறுத்தினால் மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். செடி ஏன் அப்படி நிற்கிறது என்று அவளுக்கும் தெரியவில்லை.

“செடி வளர்க்கத் தெரியும். நடிக்க வைக்கத் தெரியாது,” என்றாள். “ஊதிப் பாக்கறதுக்கு நான் என்ன அடுப்பா வச்சு விக்கறேன்?”

“உங்க விரலுக்கு மட்டும் அடங்குதாமே அக்கா?” என்றான் கொழுந்தன்.

“வேற யாரைத் தொட விட்டான் அந்த ஆளு?”

அண்ணி சட்டென்று நிமிர்ந்தாள்.

விசாரித்ததில் விவரம் வந்தது. தொட்டாற்சிணுங்கி ஒருமுறை மூடினால் திரும்ப விரிய நேரம் பிடிக்கும். அதுவரை கேமரா, விளக்கு, புகைக்காரர், சூனியக்காரி எல்லோரும் கைகட்டி உட்கார வேண்டும். ஆகவே முதலாளி முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார்: நர்சரிக்காரியைத் தவிர எவனாவது செடிமேல் கை வைத்தால் வேலை காலி. அவள் மட்டும் தண்ணீர் விடும்போது தொடுவாள். தொட்டால் மூடும். இப்படி அவள் ஒருத்தியை மட்டும் தொட விட்டுவிட்டு, அவள் ஒருத்திக்குத்தான் அடங்குகிறது என்று அதே முதலாளி குற்றம் சாட்டுகிறார்.

“வீட்டுல ஒரே ஒரு ஆளை மட்டும் சமைக்க விட்டுட்டு, மத்தவங்களுக்குச் சமைக்கவே தெரியலைன்னு சொன்ன மாதிரி இருக்கு,” என்றான் கொழுந்தன்.

“அந்த ஒரே ஆள் நான்தான். ஞாபகம் வச்சுக்கோ,” என்றாள் அண்ணி.

டீ இடைவேளையில் அரங்கம் காலியானது. மூலையில் கிராஃபிக்ஸ்காரர் மட்டும் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். கொழுந்தனுக்கு அவர்மேல்தான் கண். செடி ஒழுங்காக நடித்தால் அவருக்கு வேலை இல்லை. நடிக்காவிட்டால் தொடர் முழுக்க அவர் ராஜ்யம். இதைவிட நல்ல காரணம் ஒரு குற்றவாளிக்கு எங்கே கிடைக்கும் என்று அவன் அண்ணியிடம் வாதாடினான். அவர் ஒருவேளை குழாயை அடைத்துவைத்திருக்கலாம் என்றும் சொன்னான்.

“முதல்ல நீ செடியைத் தொடு,” என்றாள் அண்ணி.

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கோயில் உண்டியலில் கைவிடுகிறவன் மாதிரி ஒரு விரலை நீட்டித் தொட்டான். இலைகள் ஜோடி ஜோடியாக, புத்தகத்தை மூடுவதுபோல் மடிந்தன. காம்பு சாய்ந்தது.

மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. செடி ஆரோக்கியமாக இருக்கிறது. எவன் தொட்டாலும் சுருங்கும்.

அடுத்து குழாய். கொழுந்தன் மேஜைக்கு அடியில் ஊர்ந்துபோய், வாய்ப்பக்கத்தைத் துடைத்துவிட்டு ஊதினான். அண்ணி மறுமுனையில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தாள். காகிதம் பறந்து கொப்பரைக்குள் விழுந்தது. அடைப்பு இல்லை. கிராஃபிக்ஸ்காரர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தும்மிவிட்டு, மறுபடி குனிந்துகொண்டார். செடிப் பக்கம் வந்தாலே அவருக்கு மூக்கில் நீர் கொட்டும் என்று டீக்காரர் அப்புறம் சொன்னார். கொழுந்தனின் நல்ல குற்றவாளி இப்படிக் கைவிட்டுப் போனார்.

“மாப்பிள்ளையும் நல்லவன், பொண்ணும் நல்லவ,” என்றான் அவன் முழங்காலைத் தட்டிக்கொண்டே. “கல்யாணம் மட்டும் நடக்க மாட்டேங்குது.”

மேக்கப் அறையில் இன்னொரு தொட்டி இருந்தது. ஆபத்துக்கு இருக்கட்டும் என்று நர்சரிக்காரி கூடுதலாகக் கொண்டுவந்தது. அதே மண், அதே தண்ணீர், ஒரே வேனில் வந்தது. அண்ணி அதைத் தூக்கிவரச் செய்து குழாய்முன் வைத்தாள். கொழுந்தன் ஊதினான். செடி அப்படியே சுருண்டு படுத்தது.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார்.

அவருக்கு வேறு என்ன வேண்டும்? மருந்தடிக்காத செடி சுருங்குகிறது, மருந்தடித்த செடி சுருங்கவில்லை, ஆதாரம் கண்முன்னால் இருக்கிறது என்று போனைக் கையில் எடுத்துவிட்டார். மேஜைச் செடியும் தம்பி தொட்டதும் மூடியது என்று அண்ணி எவ்வளவோ சொன்னாள், அவர் காதில் ஏறவில்லை. அப்படியானால் இந்தச் செடியையே வைத்து எடுத்துக்கொள்ளலாமே என்றும் கேட்டாள். முடியாது என்றார் அவர். பழைய செடியின் கிளை கொப்பரைமேல் வளைந்து நிற்பதைக் கிட்டத்தில் காட்டிப் பாதிக் காட்சி எடுத்தாகிவிட்டது. இது குச்சிமாதிரி நேராக நிற்கிறது. பார்க்கிறவன் கண்டுபிடித்துச் சிரிப்பான்.

இன்னும் ஒரே ஒரு டேக் மட்டும் பார்த்துவிட்டுப் போலீஸைக் கூப்பிடுங்கள் என்று அண்ணி கேட்டுக்கொண்டாள். முதலாளி மேஜைச் செடி விரியும்வரை காத்திருந்து, முனகிக்கொண்டே விளக்கைப் போடச் சொன்னார்.

உதவப்போய் அந்தப் பெண்மணியின் கழுத்துக்குக் கயிறு திரித்துக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. அண்ணியோ செடியைப் பார்க்கவே இல்லை. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மேஜைக்கு அடியில் படுத்திருந்த உதவி இயக்குநரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கு யூனிட்டில் ‘ஒத்திகை’ என்று பெயர். எதையும் ஒருமுறை செய்துபார்க்காமல் செய்ய மாட்டார். சாப்பாட்டு வரிசையைக்கூட ஒருமுறை நடந்துபார்த்துவிட்டுத்தான் தட்டை எடுப்பார் என்று சொல்வார்கள்.

சூனியக்காரி மந்திரத்தை ஆரம்பித்தாள். ஒத்திகை கண்ணை மூடிக்கொண்டார். கடைசிச் சொல்லுக்கு முந்தைய சொல்லில் மூச்சை இழுத்தார். கடைசி எழுத்து அவள் உதட்டைவிட்டு வெளியே வந்த அதே கணத்தில், மயிரிழை முன்னும் இல்லை பின்னும் இல்லை, பூவை ஊதுவதுபோல் ஒரே அளவாக ஊதினார். இலைகள் ஆடின. நின்றன.

முதலாளி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“தம்பி, நீ போய்ப் படுத்து அதே மாதிரி ஊது,” என்றாள் அண்ணி.

கொழுந்தன் ஊதினான். முதல்முறை மந்திரம் முடிந்து வெகுநேரம் கழித்து ஊதினான். இரண்டாம் முறை பாதி மந்திரத்திலேயே ஊதிவிட்டான். மூன்றாம் முறை எச்சில் போனது. செடி மூன்றுக்கும் மூடவில்லை. சூனியக்காரி கேமராவுக்கு வெளியே முறைத்தாள்.

“போதும், எழுந்து வா.” அண்ணி எழுந்து ஒத்திகையைத் தனியாக அழைத்துக்கொண்டு போனாள். அட்டைப் பாறையின் மறைவில் நிறுத்தினாள். கிட்டத்தில் பார்த்தபோதுதான் கொழுந்தனுக்குத் தெரிந்தது: அவர் உதட்டைச் சுற்றிக் குழாய் வாயின் அளவுக்கு வட்டமாக ஒரு தடிப்பு. ஒன்றிரண்டு முறை ஊதினால் வருகிற தடிப்பு இல்லை அது.

“நல்லா ஊதறீங்க சார்,” என்றாள் அண்ணி. “பிறக்கும்போதே யாருக்கும் இவ்வளவு சுத்தமா வராது. எதை வச்சுப் பழகினீங்க?”

அவர் பாறையைச் சுரண்டினார். வர்ணம் உதிர்ந்து உள்ளே இருந்த வெள்ளை அட்டை தெரிந்தது.

“அந்தம்மா வேன்ல செடியெல்லாம் வாடுது,” என்றாள் அண்ணி. “போலீஸ் வந்தா அவங்களும் வாடிப் போயிருவாங்க.”

அப்புறம் எல்லாம் கொட்டியது. முதல் வாரத்தில் ஒருநாள் அவர் கொஞ்சம் தாமதமாக ஊதிவிட்டார். முதலாளி எல்லோர் முன்னாலும் திட்டினார். அன்றிலிருந்து மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, தானே மந்திரத்தைச் சொல்லி, தானே ஊதிப் பழகினார். சாப்பாட்டு வேளையிலும் பழகினார். கையால் தொடக்கூடாது என்றுதானே சட்டம், ஊதக்கூடாது என்று இல்லையே? முதலில் செடி ஒழுங்காக மூடியது. போகப்போக மெதுவாக மூடியது. பிறகு பாதி மூடியது. அப்புறம் மூடவே இல்லை. மூடவில்லையே என்ற பயத்தில் இன்னும் அதிகமாகப் பழகினார்.

“ஊதி ஊதிச் செடியைக் கெடுத்துட்டேன்,” என்றார். “சொல்லலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள அந்தம்மாதான்னு முடிவு பண்ணிட்டாங்க. நாக்கு எழும்பலை.”

“ஊதறதுக்கு மட்டும் எழும்பிச்சாக்கும்,” என்றான் கொழுந்தன்.

“சும்மா இருடா. நீங்க கெடுக்கலை சார். பழக்கிட்டீங்க. வாங்க, இதை அவர்கிட்ட நீங்களே சொல்லணும்.”

சொன்னார். முதலாளி நம்பவில்லை. செடிக்கு என்ன காதா இருக்கிறது, மூளையா இருக்கிறது பழகுவதற்கு என்றார். என் ஆளையே பொய் சொல்ல வைத்து நர்சரிக்காரியைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள் என்றார்.

“நீங்க தொடுங்க,” என்றாள் அண்ணி.

“நானா? நான் தொட்டா மூடாது.”

“மூடாதுல்ல, அப்ப தொட என்ன பயம்?”

முதலாளி தொட்டார். தன் சட்டத்தைத் தானே மீறிய அந்த விரலுக்கு முன்னால் இலைகள் பணிவாக மடிந்தன, ஒன்றுவிடாமல்.

“அடங்கிடுச்சு,” என்றாள் அண்ணி. “நீங்க எப்ப மருந்து தெளிச்சீங்க?”

அரங்கத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். முதலாளி விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள். எப்படி நடக்கிறது என்பதை விளக்குவதென்றால் அவளுக்குச் சாப்பாடு வேண்டாம்.

ஒவ்வொரு இலையின் அடியிலும் குட்டித் தலையணை மாதிரி ஒரு புடைப்பு இருக்கிறது என்றாள். அதில் தண்ணீர் நிறைந்திருக்கும்வரை இலை விறைப்பாக நிற்கும். ஏதாவது பட்டால் ஒருபக்கத் தண்ணீர் நழுவி வெளியே போய்விடும். தலையணை தொய்யும், இலை சாயும். மேய வருகிற ஆட்டுக்கு, ‘இங்கே ஒன்றும் இல்லை, வாடிப்போச்சு’ என்று காட்டுகிற நடிப்பு. ஆனால் மூடிக்கிடக்கும் நேரத்தில் இலைக்கு வெயில் கிடைக்காது, வெயில்தான் அதற்குச் சாப்பாடு. ஆகவே ஒரே மாதிரித் தொந்தரவு திரும்பத் திரும்ப வந்து, அதனால் ஒரு கெடுதலும் இல்லையென்று ஆனால், செடி அந்த ஒன்றுக்கு மட்டும் மூடுவதை நிறுத்திவிடும்.

முதலாளியின் முகத்தில் இன்னும் தெளிவு வரவில்லை. அண்ணி கொழுந்தனைக் காட்டினாள்.

“இவங்க அண்ணன் குறட்டை விடுவார். கல்யாணமான புதுசுல லாரி வீட்டுக்குள்ள வந்துருச்சுன்னு எழுந்து உட்காருவேன். இப்ப காதுலயே விழறதில்லை. ஆனா குழந்தை லேசா இருமட்டும், உடனே முழிச்சுக்குவேன். காது கெட்டா போச்சு? குறட்டைக்கு எழுந்திரிச்சுப் பிரயோசனம் இல்லைன்னு உடம்பு கத்துக்கிச்சு. இந்தச் செடிக்கு இவர் மூச்சு எங்க வீட்டுக்காரர் குறட்டை மாதிரி. விரல் புதுசு, அதான் முழிச்சுக்குது.”

“அண்ணன் மானம் போச்சு,” என்றான் கொழுந்தன்.

முதலாளி போனைப் பைக்குள் போட்டார். அவருக்குக் கோபம் போய்க் கவலை வந்துவிட்டது. விரலால் தொட்டால் கேமராவில் விரல் தெரியும். குச்சியால் தொட்டால் குச்சி தெரியும். சூரியன் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது என்னதான் செய்வது என்று கேட்டார், முதல்முறையாகக் கேள்வி கேட்கும் குரலில்.

அண்ணி புகைக்காரரிடம் தீப்பெட்டி வாங்கினாள். பக்கத்தில் நகர்த்தி வைத்திருந்த உபரிச் செடி இதற்குள் நன்றாக விரிந்திருந்தது. ஒரு குச்சியைக் கிழித்து, அதன் ஒரு இலையின் நுனிக்குக் கிட்டே காட்டினாள். நுனி ஜோடி மூடியது. அடுத்த ஜோடி மூடியது. அதற்கடுத்தது, அதற்கடுத்தது என்று யாரோ கண்ணுக்குத் தெரியாமல் நடந்துவருவதுபோல் மடிப்பு காம்புவரை வந்தது. காம்பு விழுந்தது. ஒரு மூச்சுவிடும் நேரம் கழித்து, நெருப்பே படாத அடுத்த இலையும் தலை சாய்த்தது. அதற்கடுத்த இலையும்.

சூனியக்காரி தன்னையறியாமல் கையைக் கூப்பிவிட்டாள்.

“இதை யாரு பண்றது?” என்றார் முதலாளி மெதுவாக. “கை நடுங்காம, செடியைக் கருக்காமப் பண்ணணுமே.”

எல்லோரும் வாசல் கேட் பக்கம் பார்த்தார்கள்.

கொழுந்தன் போய்க் கூப்பிட்டான். நர்சரிக்காரி எழுந்திருக்கவில்லை. முதலாளியே நடந்து வந்தார். அவள் கையை நீட்டினாள். அவர் சாவியை வைத்தார். நீட்டிய கை அப்படியே நின்றது. முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, தப்பாகப் பேசிவிட்டேன் என்று சொன்னார். வாசலில் சொன்னது போதாது, எங்கே வைத்துச் சொன்னாரோ அங்கேயே வைத்துச் சொல்லட்டும் என்றாள். அரங்கத்துக்குள் வந்து, யூனிட் முழுக்கக் கேட்கும்படி இன்னொருமுறை சொன்னார். அதற்குப் பிறகுதான் அவள் வேனை நிழலுக்கு நகர்த்தி, தொட்டிகளுக்கெல்லாம் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வந்தாள். அதற்குள் மேஜைச் செடியும் விரிந்திருந்தது.

கேமராவில் விழாத ஒரு பின்னிலையைத் தேர்ந்தெடுத்துக் குச்சியைக் கிழித்தாள். மந்திரம் முடிந்தது. வளைந்த கிளை முழுவதும், பின்னாலிருந்து முன்னால், இலை இலையாக வணங்கிக்கொண்டே வந்து சூனியக்காரியின் கைக்குக் கீழே தலையைத் தொங்கப்போட்டது. முதலாளி நெற்றியில் அடித்துக்கொள்ள மறந்துபோனார். கேமரா அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நர்சரிக்காரி குச்சியை ஊதி அணைத்துவிட்டு, அடுத்த வாரத்துக்கு எத்தனை தொட்டி வேண்டும் என்று கேட்டாள். முதலாளி பதில் சொல்லும் முன்பே ஒத்திகை முந்திக்கொண்டு, தனக்குத் தனியாக ஒன்று வேண்டும் என்றார். வாங்கி வைத்துக்கொண்டு தீக்குச்சி பிடிக்கப் பழக வேண்டுமாம்.

“அது பரவாயில்லை,” என்றாள் அண்ணி, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டே. “ஒத்திகைக்கு ஒரு செடி, ஷாட்டுக்கு வேற செடி. ஷாட்டுச் செடிகிட்ட யாரும் ஊதாதீங்க, ஆட்டாதீங்க. கேமராவுக்கு வெளியில இருக்கற ஒரு இலை நுனியில சூடு காட்டுங்க, மத்த இலைக்கு அதுவே சேதி சொல்லிக்கும். ஒரு டேக்குக்கு ஒரு தடவை. மறுபடி முழுசா விரியற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க.”